ஏ.சி.எல்.எஸ். தேறியும் அரெஸ்ட் நேரத்தில் கை ஓடவில்லை என்று கேட்ட சகோதரிக்கு

சகோதரி, நீங்கள் கேட்டிருப்பது இதுதான். ஒரு தனியார் மருத்துவமனையின் மெடிக்கல் வார்டில் மூன்று வருடமாக ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறீர்கள். சொந்தக் காசைப் போட்டு, இதயம் நின்றவரை மீட்கச் சொல்லித்தரும் ஏ.சி.எல்.எஸ். பயிற்சிக்குப் போய், எழுத்துத் தேர்வு, மெகாகோடு எனப்படும் ஒத்திகைத் தேர்வு இரண்டிலும் முதல் தடவையிலேயே தேறினீர்கள். எட்டு மாதம் கழித்து ஒரு நைட் டியூட்டியில் பெரியவர் ஒருவருக்கு அரெஸ்ட், அதாவது இதயம் நின்றுவிட்டது. மானிட்டரில் கோடு ஓடுகிறது, அது இதயத்தின் என்ன ரிதம் என்று சொல்ல வரவில்லை. போட வேண்டிய மருந்து அட்ரினலினா, அமியோடரோனா என்று குழம்பிவிட்டீர்கள். டியூட்டி டாக்டர் வந்து சேர நாலு நிமிடம் ஆனது. பெரியவர் பிழைக்கவில்லை. "படித்தது வீண்தானா, மறுபடியும் கோர்ஸில் சேர வேண்டுமா?" என்று முடித்திருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் எழுதிய விதத்தைப் பார்த்தால் மனதில் இருக்கும் கேள்வி வேறு என்று தோன்றுகிறது. எனக்குத் தெரியாமல் போனதால்தான் அவர் போய்விட்டாரா என்பதுதான் அது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் மயக்கவியல் மருத்துவர். பதினைந்து வருடத்துக்கும் மேலாக இந்தப் பயிற்சியில் பயிற்றுநராக இருக்கிறேன். இதே கேள்வியை எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள், பெரும்பாலும் மதியச் சாப்பாட்டு வேளையில், பக்கத்தில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து. அன்று அந்த வார்டில் நான் இல்லை, கேஸ் ஷீட்டையும் பார்த்ததில்லை. அதனால் அவர் பிழைத்திருப்பாரா என்று இங்கே உட்கார்ந்துகொண்டு தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "கூட இருந்த ஸ்டாஃப் ஃபோன் செய்துவிட்டு க்ராஷ் கார்ட்டை (அவசர மருந்தும் கருவியும் உள்ள வண்டி) கொண்டுவந்தார். நான் நெஞ்சை அமுக்கிக்கொண்டே இருந்தேன், வேறு ஒன்றுமே செய்யவில்லை." அந்த "வேறு ஒன்றுமே" என்ற வார்த்தைதான் உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது. ஏ.சி.எல்.எஸ்.ஸில் சொல்லித்தரும் எல்லாம் ஒரே எடை கொண்டவை இல்லை. சிலவற்றுக்கு அசைக்க முடியாத ஆதாரம் இருக்கிறது. சிலவற்றை, இதைவிட நல்லது கையில் இல்லை என்பதால் செய்துகொண்டிருக்கிறோம். இந்த வித்தியாசத்தை இரண்டு நாள் வகுப்பில் யாரும் நிதானமாக உட்கார்ந்து சொல்வதில்லை.

நெஞ்சை அமுக்குவது முதல் வகை. 1950களின் கடைசியில் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் நிக்கர்பாக்கர் என்ற இளம் ஆராய்ச்சியாளர், நாயின் நெஞ்சில் ஷாக் கொடுக்கும் கனமான பேடில்களை அழுத்தி வைத்தபோது, ஷாக் கொடுப்பதற்கு முன்பே ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறுவதைக் கவனித்தார். கூவென்ஹோவன், ஜூட் ஆகியோரோடு சேர்ந்து 1960இல் அதை வெளியிட்டார். இன்றைக்கு நாம் செய்யும் எல்லாம் அந்த ஒரு கவனிப்பின் மேல் நிற்கிறது. நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, குறைந்தது 5 சென்டிமீட்டர் ஆழம், 6ஐத் தாண்டாமல். ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் நெஞ்சு முழுதாக மேலே எழும்ப விட வேண்டும். மூச்சுக்குழாய் போடாதவரை 30 அமுக்கலுக்கு 2 மூச்சு. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும், ஏனென்றால் அமுக்குகிறவருக்குத் தான் சோர்ந்துவிட்டோம் என்பது தெரிவதற்கு முன்பே ஆழம் குறைந்துவிடும். அந்த நாலு நிமிடத்தில் அவருடைய மூளைக்குப் போன ரத்தம் உங்கள் கையால் போனது.

இரண்டாவது உறுதியான விஷயம் ஷாக். வி.எஃப். (இதயம் தாறுமாறாகத் துடிதுடிப்பது), பல்ஸ் இல்லாத வி.டி. (பல்ஸே கிடைக்காத அளவுக்கு மிக வேகமாக ஓடுவது) இந்த இரண்டு ரிதத்துக்கும் டீஃபிப்ரிலேஷன், அதாவது ஷாக்தான் மருந்து, அதுவும் சீக்கிரம். அமெரிக்க மருத்துவமனைகளின் பதிவேட்டை வைத்து 2008இல் வந்த ஆய்வில், மருத்துவமனைக்குள் இப்படி அரெஸ்ட் ஆனவர்களில் இரண்டு நிமிடத்துக்குள் ஷாக் கிடைத்தவர்களில் 39 சதவீதம் பேர் வீடு திரும்பினார்கள். தாமதமானவர்களில் 22 சதவீதம். அதனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அன்று ஓடிய கோடு வி.எஃப்.ஆக இருந்திருந்தால், ரிதம் புரியாமல் போனது பொருட்படுத்த வேண்டிய குறைதான். ஆனால் வார்டில் நடக்கும் அரெஸ்ட்களில் ஐந்தில் நாலு ஷாக் தேவைப்படாத ரிதமாகவே இருக்கும், அசிஸ்டோல் (ஃப்ளாட் லைன், நேர்கோடு) அல்லது பி.இ.ஏ. (மானிட்டரில் துடிப்பு ஓடும், பல்ஸ் இருக்காது). அறுபது, எழுபது வயதில் நிமோனியா, செப்சிஸ், கிட்னி பிரச்சினை என்று மெடிக்கல் வார்டில் படுத்திருக்கும் ஒருவருக்கு இது இன்னும் பொருந்தும். அன்று மானிட்டரில் ஓடிய கோட்டின் ஸ்ட்ரிப் பிரின்ட் ஆகியிருந்தால் டாக்டரிடம் கேட்டு வாங்கிப் பாருங்கள். பயந்து பார்க்காமல் இருப்பதைவிடப் பார்த்துவிடுவது நல்லது.

அட்ரினலினுக்கு வருகிறேன், நீங்கள் அதிகம் வருத்தப்பட்டிருப்பது இதற்குத்தான். 1 மில்லிகிராம், மூன்று முதல் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை. எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் 2018இல் பிரிட்டனில் அரெஸ்ட் ஆன நோயாளிகள் 8,014 பேரிடம் ஆம்புலன்ஸ் ஊழியர்களைக் கொண்டு நடத்திய பாராமெடிக்-2 ஆய்வு என்ன காட்டியது தெரியுமா? ஒரு மாதம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் அட்ரினலின் போட்டவர்களில் 3.2 சதவீதம், வெறும் உப்புநீர் போட்டவர்களில் 2.4 சதவீதம். வித்தியாசம் உண்மையானது, ஆனால் சிறியது. பிழைத்தவர்களிலேயே மூளை கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள் அட்ரினலின் பக்கம் 31 சதவீதம், மறுபக்கம் 17.8 சதவீதம். அதாவது இதயத்தை மறுபடி ஓடவைப்பதில் அது கெட்டிக்கார மருந்து. ஆளை ஆளாகத் திருப்பித் தருவதில் அவ்வளவு இல்லை. அது தெருவிலும் வீட்டிலும் நடந்த அரெஸ்ட், மருந்து போய்ச் சேரவே நேரமாகியிருக்கும். மருத்துவமனைக்குள் ஷாக் தேவைப்படாத ரிதம் என்றால், அட்ரினலினைச் சீக்கிரம் போட்டவர்களில் பிழைத்தவர்கள் அதிகம் என்று பதிவேட்டு ஆய்வுகள் சொல்கின்றன. அதனால்தான் அந்த ரிதங்களில் முடிந்தவரை சீக்கிரம் போடு என்கிறார்கள். நானும் அப்படித்தான் போடுகிறேன், அப்படித்தான் சொல்லித்தருகிறேன். அமியோடரோன் கதை இன்னும் மங்கலானது. 2016இல் ஷாக்குக்கு அடங்காத வி.எஃப். நோயாளிகள் 3,026 பேரில் செய்த ஆய்வில், வீடு திரும்பியவர்கள் அமியோடரோனில் 24.4, லிக்னோகெய்ன் என்ற இன்னொரு மருந்தில் 23.7, ஒன்றும் இல்லாத மருந்தில் 21 சதவீதம். புள்ளியியல்படி இதை உறுதியான வித்தியாசம் என்று சொல்ல முடியாது. நான் பி.ஜி. படித்தபோது ஃப்ளாட் லைன் என்றால் அட்ரோபினை ஓடிப்போய் எடுத்துவந்தோம். 2010இல் அதை வழிகாட்டுதலிலிருந்து நீக்கிவிட்டார்கள். வாசோப்ரெஸ்ஸின் என்ற மருந்து 2015இல் போனது. நெஞ்சை அமுக்குவதை யாரும் எந்த வருடமும் நீக்கவில்லை.

அதற்காக மருந்து வேண்டாம் என்று சொல்லவில்லை. உங்களுக்கு அன்று மறந்துபோனது பெரும்பாலும் சந்தேகத்துக்குரிய பகுதி, நீங்கள் விடாமல் செய்தது உறுதியான பகுதி என்பதைத்தான் சொல்கிறேன். அமெரிக்காவில் நல்ல வசதியுள்ள மருத்துவமனைகளில், முழுக் குழுவும் ஓடிவந்து எல்லாம் செய்தும், வார்டில் அரெஸ்ட் ஆனவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர்தான் வீடு திரும்புகிறார். நள்ளிரவில், இரண்டே நர்ஸ்கள் இருந்த வார்டில் நடந்த ஒன்றை அந்தக் கணக்கோடு வைத்துப் பாருங்கள்.

சரி, பயிற்சி வீணா? வீண் இல்லை, ஆனால் நீங்கள் நினைத்த காரணத்துக்காக இல்லை. 2007இல் பிரேசிலிலிருந்து ஒரு ஆய்வு வந்தது. அரெஸ்ட் நேரத்தில் வந்த குழுவில் ஏ.சி.எல்.எஸ். படித்தவர் ஒருவராவது இருந்தபோது இதயம் திரும்ப ஓடியது 43 சதவீதம் பேருக்கு, யாரும் இல்லாதபோது 27 சதவீதம் பேருக்கு. சின்ன ஆய்வு. படித்தவர்கள் இருக்கும் ஷிஃப்டில் மற்ற வசதிகளும் நன்றாக இருந்திருக்கலாம். அதனால் இதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாதாட மாட்டேன். ஆனால் பயிற்சி பெற்ற ஒருவர் இருந்தால் அறை மாறுகிறது என்பதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இதில் சந்தேகமே இல்லாமல் தெரிந்த விஷயம் வேறு ஒன்று: கற்றது தேய்கிறது. திரும்பத் திரும்பச் செய்த ஆய்வுகள் எல்லாம் ஒரே விஷயத்தைத்தான் சொல்கின்றன. பயிற்சி முடிந்த சில மாதங்களிலேயே கைத்திறன் இறங்க ஆரம்பிக்கிறது, ஒரு வருடத்துக்குள் பெரும்பாலானவர்கள் பயிற்சிக்கு முந்தைய நிலைக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறார்கள். புத்தக அறிவைவிடக் கை முதலில் மறக்கிறது. ஆனால் கார்டு இரண்டு வருடத்துக்குச் செல்லும். எட்டாவது மாதத்தில் உங்களுக்கு நடந்தது உங்கள் பலவீனம் இல்லை, எல்லோருக்கும் நடப்பது. எழுத்துத் தேர்வில் 84 சதவீதம் எடுத்தீர்கள், மெகாகோடில் பயிற்றுநர் "இப்போது ரிதம் மாறுகிறது" என்று குரல் கொடுத்தார், கூட நின்றவர்கள் உங்கள் அறிவிப்புக்காகக் காத்திருந்தார்கள். அன்றிரவு அப்படியா இருந்தது? பக்கத்துப் படுக்கைக்காரர் எழுந்து நின்று பார்க்கிறார், அட்டெண்டர் கதறுகிறார், மின்விசிறிக் காற்றில் ஈ.சி.ஜி. வயர் ஆடுகிறது.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். நான் முதன்முதலில் தலைமை ஏற்ற அரெஸ்ட். எந்த மருத்துவமனை என்பது இங்கே வேண்டாம். கார்டு வாங்கி நாலு மாதம்தான் ஆகியிருந்தது. ரிதம் செக் என்று சத்தமாகச் சொன்னேன். அமுக்கிக்கொண்டிருந்த தம்பி கையை எடுத்தான். நான் மானிட்டரைப் பார்த்தேன். மிகச் சிறிதாக நெளியும் ஃபைன் வி.எஃப்.ஆ, ஃப்ளாட் லைனா என்று எனக்குச் சந்தேகம். கெயினைக் கூட்டிப் பார், லீடை மாற்றிப் பார் என்றேன். அறையில் இருந்த ஆறு பேரும் என்னோடு சேர்ந்து மானிட்டரையே பார்த்துக்கொண்டு நின்றோம். அப்போது மூலையில் ஐ.வி. போட்டுக்கொண்டிருந்த மூத்த சிஸ்டர் தலையைத் தூக்காமலே சொன்னார்: "சார், யாரும் அமுக்கலை." அரை நிமிடத்துக்கு மேல் போயிருக்கும். இத்தனைக்கும் பத்து நொடிக்கு மேல் கையை எடுக்கக் கூடாது என்று முந்தைய மாதம்தான் ஒரு கூட்டத்தில் பேசியிருந்தேன். அந்த சிஸ்டரிடம் ஏ.சி.எல்.எஸ். கார்டு இல்லை. அன்றைக்குப் பிறகு நான் எடுக்கும் ஒவ்வொரு வகுப்பிலும், மானிட்டரைப் பார்க்காமல் கையை மட்டும் பார்ப்பதற்கென்றே ஒரு ஆளை நிறுத்துகிறேன்.

அதனால் மறுபடி கோர்ஸ் சேர வேண்டுமா என்றால், இப்போது வேண்டாம். கார்டு முடியும்போது புதுப்பியுங்கள். வெளிநாட்டு வேலை மனதில் இருந்தால் அமெரிக்க இதய சங்கத்தின் கார்டைத்தான் பெரும்பாலும் கேட்பார்கள். இங்கேயே இருப்பதானால், இந்திய மயக்கவியல் மருத்துவர் சங்கத்தின் முயற்சியில் உருவான இந்தியப் புத்துயிர்ப்புக் கவுன்சிலின் சி.சி.எல்.எஸ். பயிற்சியையும் விசாரித்துப் பாருங்கள். மருத்துவமனைக்குள் நடக்கும் அரெஸ்ட்டை மனதில் வைத்து நம் ஊர் நிலைமைக்கு எழுதியது அது. ஆனால் எட்டாவது மாதத்தில் திரும்ப இரண்டு நாள் உட்கார்ந்தால், பதினாறாவது மாதத்தில் இதே இடத்தில்தான் நிற்பீர்கள். உங்களுக்குத் தேவை சின்னச் சின்னதாக, அடிக்கடி, உங்கள் வார்டிலேயே செய்யும் பயிற்சி. வழிகாட்டுதல்களும் இப்போது அந்தப் பக்கம்தான் நகர்ந்திருக்கின்றன.

எப்படி என்று கேட்பீர்கள். மேனிக்வின் (பயிற்சி பொம்மை) இல்லாவிட்டாலும் பரவாயில்லை. மாதம் ஒருநாள் ஹேண்ட்ஓவர் முடிந்ததும் பத்து நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். காலிப் படுக்கை ஒன்றில் நடக்கட்டும். ஒருவர் கடிகாரத்தைப் பிடிக்கட்டும். "சிஸ்டர், அப்பா பேச மாட்டேங்கிறார்" என்ற குரலிலிருந்து முதல் அமுக்கலுக்கு எத்தனை நொடி, ஷாக் கொடுக்கும் பேட் ஒட்ட எத்தனை நொடி, இந்த இரண்டை மட்டும் எழுதி வையுங்கள். முதல் தடவை எழுதும்போது நேரம் எங்கே போகிறது என்று தெரியும். நான் பார்த்தவரை அது மருந்தில் போவதில்லை. பி.பி. கஃப் சுற்றுவதில் போகிறது. பல்ஸ் ஆக்ஸிமீட்டரை ஆள்காட்டி விரல், நடுவிரல், அப்புறம் காது என்று மாற்றி மாற்றி மாட்டிப் பார்ப்பதில் போகிறது. பேசிக்கொண்டிருக்கும் ஆளுக்கு ரீடிங் வராவிட்டால் மாற்றிப் பார்க்கலாம். பேச்சு மூச்சில்லாத ஆளுக்கு ரீடிங் வராததே பதில். இடையிடையே வாயைத் திறந்து இழுக்கும் கடைசி மூச்சை "மூச்சு இருக்கிறது" என்று எண்ணி நின்றுவிடுவதிலும் போகிறது. அது மூச்சு இல்லை. கழுத்தில் கை வைத்து பத்து நொடி, பல்ஸ் நிச்சயமாகத் தெரியவில்லை என்றால் அமுக்க ஆரம்பித்துவிடுங்கள்.

அப்புறம் ஸ்டூல். சிரிக்காதீர்கள், இதை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். நம் ஊர் நர்ஸ்களில் பலர் ஐந்தடி, ஐந்தடி இரண்டு அங்குலம் இருப்பார்கள். படுக்கை இடுப்புக்கு மேலே இருக்கும். முழங்கையை மடக்காமல், தோளை நேராக மேலே வைத்து, உடம்பின் எடையால் அமுக்க வேண்டும் என்று வகுப்பில் தரையில் மண்டியிட்டுக் கற்றுக்கொள்கிறீர்கள். வார்டில் எட்டி எட்டி, கையின் பலத்தால் மட்டும் அமுக்குகிறீர்கள். ஒரு நிமிடத்தில் கை விட்டுப்போகும், ஆழமும் வராது. ஒரு சின்ன மரப்படி அல்லது கால் ஸ்டூல், க்ராஷ் கார்ட்டோடு கட்டி வைத்தது, அது போதும். அதோடு முதுகுக்குக் கீழே வைக்கும் பலகை. பஞ்சு மெத்தையில் அமுக்கினால் பாதி மெத்தைக்குப் போகிறது.

ரிதம் பற்றிய பயத்துக்கு ஒரு நேர்வழி இருக்கிறது. ஷாக் கொடுக்கும் மெஷினான உங்கள் வார்டு டீஃபிப்பில் ஏ.இ.டி. (தானியங்கி) மோடு இருக்கிறதா பாருங்கள். பலவற்றில் இருக்கும், யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். பேட் ஒட்டினால் ஷாக் தேவையா என்று மெஷினே சொல்லும். டாக்டர் வரும்வரை உங்களுக்கு அது போதும். அந்த மோடு இல்லை என்றால், பன்னிரண்டு ரிதத்தைக் கற்க வேண்டியதில்லை. பல்ஸ் இல்லாத ஆளிடம் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: இது ஷாக் கொடுக்கும் ரிதமா, இல்லையா. தாறுமாறாக நெளியும் கோடு, அல்லது அகலமாக, வேகமாக, ஒரே சீராக ஓடும் கோடு என்றால் ஷாக். மற்றதெல்லாம் அமுக்கு, அட்ரினலின், காரணத்தைத் தேடு. மருந்தை டாக்டர் உத்தரவுக்கு முன் நீங்கள் போடலாமா என்பதை மட்டும் உங்கள் மருத்துவமனையிடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள். முதல் அட்ரினலினுக்கு நிலையான உத்தரவு வைத்திருக்கும் இடங்களும் உண்டு, வைக்காத இடங்களும் உண்டு. அரெஸ்ட் நடக்கும்போது யோசிக்க வேண்டிய விஷயம் இல்லை அது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் இதைக் கேட்கவில்லை. 1990இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில், வார்டில் அரெஸ்ட் ஆன 64 பேரின் குறிப்புகளைத் திருப்பிப் பார்த்தார்கள். 84 சதவீதம் பேருக்கு அதற்கு முந்தைய எட்டு மணி நேரத்தில் நிலைமை மோசமாவதற்கான அடையாளம் சார்ட்டிலேயே இருந்தது. மூச்சு எண்ணிக்கை ஏறுவது, குழப்பமாகப் பேசுவது, பி.பி. இறங்குவது. மூச்சு எண்ணிக்கையைத்தான் நாம் எல்லோரும் எண்ணாமலே 20 என்று எழுதுகிறோம். முழு நிமிடம் எண்ணிப் பாருங்கள், 28, 30 என்று வந்தால் டாக்டரைக் கூப்பிடுங்கள், அவர் எரிச்சல்பட்டாலும் கூப்பிடுங்கள். அட்ரினலின் ஆம்ப்யூலை உடைப்பதைவிட அதிகம் பேரை இதனால் காப்பாற்றலாம் என்று நான் நம்புகிறேன். இதற்குக் கச்சிதமான சோதனை ஆதாரம் இல்லை. நிலைமை மோசமாகும்போதே ஓடிவரும் விரைவு உதவிக் குழுக்கள் பற்றிய பெரிய ஆய்வுகள் கலவையாகத்தான் வந்திருக்கின்றன. ஆனாலும் என் வேலையில் பார்த்ததை வைத்து அப்படித்தான் நினைக்கிறேன்.

அன்றிரவு கூட இருந்த ஸ்டாஃபையும் டியூட்டி டாக்டரையும் ஒரு டீ நேரத்தில் உட்காரவைத்துப் பேசுங்கள். யார் தவறு என்று வேண்டாம், எந்த நிமிடத்தில் என்ன நடந்தது என்று மட்டும். அவர்களும் இதையே மனதில் வைத்துக்கொண்டு தனித்தனியாகத் திரிகிறார்கள் என்பது எனக்கு ஏறக்குறைய நிச்சயம். தூக்கம் இரண்டு வாரத்துக்கு மேல் வராமல் இருந்தாலோ, அந்தப் படுக்கைப் பக்கம் போகவே முடியவில்லை என்றாலோ, ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள், தள்ளிப்போடாதீர்கள். அடுத்த டியூட்டிக்குப் போனதும் க்ராஷ் கார்ட்டைத் திறந்து, டீஃபிப் சார்ஜ் ஆகிறதா, பேட் பாக்கெட்டின் தேதி தாண்டவில்லையா, மூச்சு கொடுக்கும் அம்பு பேக்கில் மாஸ்க் மாட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஸ்டூல் எங்கே இருக்கிறது என்று எனக்கு இங்கேயே எழுதுங்கள்.